இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

400 மீட்டர் கோட்டைத் தாண்டிய பிறகு சில விநாடிகளுக்கு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கைகள் தாமாக இடுப்புக்குப் போகும். ஒருவர் குனிந்து முழங்காலைப் பற்றிக்கொள்வார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்து நிற்பார். இதயத்தின் அடி நெஞ்சில் கேட்பதைவிடக் காதுக்குள் உரக்கக் கேட்கும். அந்த நேரத்தில் நமக்குப் பெயர் இல்லை, பதவி இல்லை, கடன் இல்லை. மூச்சு ஒன்றுதான் இருக்கிறது. பிறகு யாராவது, "நிக்காதீங்க, அப்படியே மெதுவா வாங்க" என்பார்கள். எல்லோரும் அசைந்து புறப்படுவோம். அடுத்த 200 மீட்டர் மெல்லோட்டம். அது முடிந்ததும் மறுபடி 400 மீட்டர் வேகம்.

நான் சொல்ல வந்தது அந்த 200 மீட்டரைப் பற்றி.

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஓடுகிறோம். வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், பள்ளியில் கணக்கு எடுக்கும் அக்கா, ஜவுளிக் கடைக்காரர், ஒரு டாக்டர், தொழுகையை முடித்துவிட்டுச் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்துகொள்ளும் பாய். எல்லோரும் 45 வயதைக் கடந்தவர்கள். இருவர் 60ஐத் தொடப்போகிறார்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வயதான அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, சர்க்கரை அளவு, குதிகால் வலி என்று ஆளுக்கு ஒரு மூட்டை. அதை டிராக்குக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல மாட்டேன். கூடவேதான் வருகிறது. ஆனால் எட்டுத் தடவை 400 மீட்டரை வேகமாக ஓட வேண்டும் என்று உடம்புக்கு உத்தரவானதும், அந்த மூட்டையைச் சுமக்க யாருக்கும் ஒரு கை மிச்சம் இருப்பதில்லை.

ஓட்டக்காரர்கள் இதை இன்டர்வெல் என்கிறார்கள். வேகமாக ஒரு துண்டு, மெதுவாக ஒரு துண்டு, மறுபடி வேகமாக ஒரு துண்டு. இதை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர். அவரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 1955 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. ஹார்பிக் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1944இல் போர் அவரைக் கொண்டுபோயிற்று.

கெர்ஷ்லர் பின்னர் ஃபிரைபுர்கில் ரைன்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து இந்தப் பயிற்சியை ஆராய்ந்தார். அவர்கள் வகுத்த கணக்கு எளிமையானது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும்படி ஓடு. பிறகு இளைப்பாறு. துடிப்பு 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். அப்படி இறங்க 90 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால் ஓட்டம் உன் அளவை மீறிவிட்டது, அன்றைக்குப் போதும். இதயம் வலுப்பெறுவது ஓடும்போது என்பதைவிட, ஓடி ஓய்ந்த அந்த ஒன்றரை நிமிடத்தில் என்றே அவர்கள் கருதினார்கள். கால்கள் அடங்கிய பிறகும் இரத்தம் இதயத்துக்கு வெள்ளமாகத் திரும்பி வருகிறது. துடிப்பு குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அறைகள் நிரம்ப நேரம் கிடைக்கிறது. நிரம்பி, விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை இதயம் வெளியேற்றுகிறது. பின்னாளைய ஆய்வுகள் வேகமாக ஓடும் பகுதிக்கும் உரிய பங்கைக் கொடுத்தன. இரண்டும் வேண்டும் என்பதே இப்போதைய தெளிவு. ஆனாலும் ஒரு பயிற்சியாளரும் ஒரு மருத்துவரும், வேகத்தைத் தேடிப் போனவர்கள், இளைப்பாறும் நேரத்தில் போய் நின்றார்கள் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

180 என்ற எண் எங்கள் வயதுக்கு ஆகாது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் தோராயக் கணக்குப்படி பார்த்தால், 55 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பே 165தான். டாக்டர் அண்ணன் ஆளாளுக்கு ஒரு எண் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் போகக் கூடாது. இறங்க வேண்டியது மட்டும் எல்லோருக்கும் பொது. முழுமையாக இறங்க வேண்டும். அரைகுறையாக இறங்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குத் தயாராக நிற்கக் கூடாது.

இங்கேதான் எங்கள் வயதின் பாடம் தொடங்குகிறது. நம் தலைமுறைக்கு வேலை செய்யத் தெரியும். அலையத் தெரியும், பிறருக்காகக் கண்விழிக்கத் தெரியும். ஓய்வு என்றால் ஒன்று அதைக் கூலியாகப் பார்ப்போம், இல்லையென்றால் குற்றமாகப் பார்ப்போம். எல்லாக் கடமையும் முடிந்த பிறகு கிடைக்கும் என்று தள்ளிவைத்துக்கொண்டே போவோம். அம்மாக்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிப்போன சோற்றின் முன் உட்கார்வார்களே, அந்த மாதிரி ஓய்வுதான் நமக்குப் பழக்கம். வேலைக்கு உள்ளேயே, வேலையின் உறுப்பாகவே ஓய்வு இருக்க முடியும் என்பதை இந்த 200 மீட்டர் சொல்லிக்கொடுக்கிறது. அதைக் குறுக்கினால் ஓட்டம் கெடும். அதை நீட்டினாலும் கெடும். அதற்கென்று ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்கு உடம்பே சாட்சி.

அந்த மெல்லோட்டத்தில் நான் செய்வதெல்லாம் துடிப்பு இறங்குவதைக் கூர்ந்து கவனிப்பதுதான். கைக்கடிகாரம் எண்ணைக் காட்டும். ஆனால் எண்ணைப் பார்க்காமலே தெரியும். முதல் 50 மீட்டரில் மூச்சு வாய்வழியாக முரட்டுத்தனமாக வந்து போகும். வளைவு தொடங்கும் இடத்தில் தோள்கள் இறங்கும். வளைவின் நடுவில் எச்சில் ஊறும். வளைவு முடிகையில் பறவைச் சத்தம் காதில் விழும். அது அதுவரைக்கும் இருந்துகொண்டுதான் இருந்திருக்கும். கடைசி 50 மீட்டரில் மூச்சு மூக்குக்குத் திரும்பிவிடும். நான் எதையும் செய்யவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, அடக்கவில்லை. அது தானே போய் வந்து, தன் இடத்தில் அமர்ந்தது.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறார். இழுப்பதற்கு 16 மாத்திரை, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32. குருவின் முன் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் பழகிச் செய்ய வேண்டிய சாதனை அது. அதையும் இதையும் ஒன்றென்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. டிராக்கில் நாம் மூச்சை ஆள்வதில்லை. மூச்சுதான் நம்மை ஆள்கிறது. ஆனால் மூச்சின் வழியே மனதுக்குப் போகும் ஒரு வழி உண்டு என்று திருமூலர் போன்ற சித்தர்கள் கண்டு சொன்னார்களே, அந்த வழியின் வாசற்படி வரைக்கும் ஒரு சாமானிய மனிதரை இந்தப் பயிற்சி கொண்டுவந்து நிறுத்துகிறது. உள்ளே போவது அவரவர் பாடு, அவரவர் பேறு.

எட்டு ஓட்டங்களில் முதலாவது எப்போதும் இனிமையானது. காலில் பாரமே இருக்காது. இரண்டும் மூன்றும் நல்ல பிள்ளைகள். நான்காவதில் தொடை கனக்கும். ஐந்தும் ஆறும்தான் உண்மையான இடம். முடிவு இன்னும் கண்ணில் படாது. தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும். மனம் பேரம் பேசத் தொடங்கும். ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம், நேற்றுச் சரியாகத் தூக்கமில்லை, இந்த வயதில் யாருக்கு நிரூபிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். எல்லாமே நியாயமான வாதங்கள். பதில் சொல்ல முடியாது. பதில் சொல்லத் தேவையும் இல்லை. அடுத்த அடியை வைத்தால் போதும்.

கணக்கு அக்கா ஆறாவது சுற்றில் சரவணபவ என்று சொல்லிக்கொள்வாராம். ஆறு எழுத்துக்கு ஆறு அடி. முடிந்ததும் மறுபடி முதல் எழுத்து. சுற்று முடியும் வரைக்கும் வேறு நினைப்புக்கு இடமே இல்லை என்று ஒருநாள் கூல் டவுன் நடையில் சொன்னார். பாய் எதையும் எண்ணுவதில்லை. "அவன் குடுத்த மூச்சு, அவனே பாத்துக்குவான்" என்று மட்டும் சொல்வார். ஜவுளிக் கடைக்காரருக்கு இறைவன் விஷயத்தில் பெரிய பற்றில்லை. முன்னால் போகிறவரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவார். மூன்று பேரும் செய்வது ஒன்றே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன்னைவிட்டுக் கொஞ்சம் வெளியே வந்து ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பது இயல்பு. எங்கும் போய்ச் சேராத ஓட்டம். 84.39 மீட்டர் நேர்ப்பாதை இரண்டு, 36.5 மீட்டர் ஆரத்தில் வளைவு இரண்டு, மறுபடி புறப்பட்ட இடம். மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எழக் கூடாது. எங்கள் ஊரே சுற்றி வருவதற்காகக் கட்டப்பட்டது. கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, பிறகு வெளி வீதி. சுற்றுக்குள் சுற்று, நடுவில் மீனாட்சி. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் அசைந்து அசைந்து வந்து, புறப்பட்ட நிலைக்கே திரும்புகிறது. அது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. வடம் பிடித்தவர்கள் வீடு திரும்பும்போது காலையில் வந்தவர்களாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேறுபாடு உண்டு. பிராகாரத்தில் சன்னிதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுகிறோம். டிராக்கில் உட்புறம் இடக்கைப் பக்கம். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் கடிகார முள்ளின் திசையில்தான் ஓடினார்கள். பிறகு மாறி, உலகம் முழுவதும் இடப்பக்கம் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. நடுவில் தெய்வம் இல்லாத, புல்தரை மட்டுமே இருக்கிற ஒரு சுற்று. அந்த வெறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. சிதம்பரத்தில் திரை விலக்கி வெட்டவெளியைக் காட்டும் மரபு நம்முடையது. நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தைச் சுற்றுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விளையாட்டரங்கத்தில் நாங்கள் மட்டும் இல்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயது. அவர்கள் வந்ததும் உள் லேன்களை விட்டு நாங்கள் வெளியே போய்விடுவோம். வேகமாக ஓடுகிறவருக்கு முதல் லேன் என்பது டிராக்கின் ஒழுங்கு. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒவ்வொரு லேனாக வெளியே தள்ளத் தள்ள ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7.67 மீட்டர் கூடும். எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டருக்கும் அதிகம். அதனால்தான் 400 மீட்டர் பந்தயத்தில் ஓட்டக்காரர்களைப் படிப்படியாக முன்தள்ளி நிறுத்துகிறார்கள். பார்க்கிறவருக்கு வெளி லேன்காரர் முன்னால் நிற்பது போலத் தெரியும். அவர் முன்னால் இல்லை. எல்லோருக்கும் முன்னால் இருப்பது அதே 400 மீட்டர்தான்.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் ஷூ இல்லை. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பெற்றோரை இழந்து, பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்து, வெறுங்காலில் ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு மந்திரம். அவர்கள் எங்களைக் கடந்து போகும் விநாடியில் காற்று கன்னத்தில் படும். அந்தக் காற்று போதும். லேனை விட்டு நகர்வதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இடம் அவர்களுடையது. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவே.

உடம்பு இறங்குகிறது என்பதை டிராக் மறைப்பதில்லை. சாலையில் ஓடும்போது மேடு, வெயில், போக்குவரத்து என்று காரணம் சொல்லலாம். இங்கே தூரம் அதேதான், தரை அதேதான். போன ஆண்டு ஓடிய நேரத்தை இந்த ஆண்டு ஓட முடியாமல் போகலாம். உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஒன்று என்ற வீதத்தில் குறைந்துகொண்டே வரும். பயிற்சி அந்தச் சரிவை மெதுவாக்கும், நிறுத்தாது. உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். அந்தந்தப் படிக்கு அந்தந்த அளவு என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர் இருந்தார். 2004இல், 73 வயதில், டொரன்டோவில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். 70 வயதைக் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு, 2017 மார்ச்சில் காலமானார். அவர் தன் பயிற்சியில் பெரும்பகுதியை வீட்டுக்கு அருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில்தான் செய்தார். மில்டன் என்ற ஊர். கல்லறைகளுக்கு நடுவே ஒரு சிறு சுற்றுப்பாதை. அதில் மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஓட்டத்தில் பரவசம் எதுவும் தனக்குக் கிட்டுவதில்லை என்றே அவர் சொல்லிவந்தார். இதில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது. நாம் சாதனை என்றதும் பரவசத்தைத் தேடுகிறோம். தியானத்தில் ஒளி தெரிய வேண்டும், பாராயணத்தில் கண்ணீர் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒன்றும் தெரியாமல், ஒன்றும் வராமல், மறுநாளும் அதே இடத்துக்குப் போய் நிற்கிறவரின் பக்திதான் என்னை வணங்கச் செய்கிறது. எங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படி ஒரு பாட்டியைப் பார்க்கலாம். நாள் தவறாமல் வருவார். அருள் வந்ததாகச் சொல்ல மாட்டார். விளக்கில் எண்ணெய் ஊற்றுவார், சுற்றுவார், போய்விடுவார்.

தனியாக ஓடினால் ஐந்தாவதோடு நிறுத்தியிருக்கக்கூடிய ஓட்டத்தை, கூட்டத்தோடு எட்டுவரை ஓடிவிடுகிறோம். அதற்குக் காரணம் போட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் வயதில் அது போட்டியாக இருப்பதில்லை. முன்னால் ஒருவர் போவார். அவரது காலடிச் சத்தத்தின் தாளத்தில் நாம் போவோம். அவர் காற்றை வாங்கிக்கொள்வார், வேகத்தைக் கணக்கிடும் பாரத்தை வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்கு ஓடுவது மட்டுமே வேலை. பேஸ் பிடிப்பது என்கிறோம் இதை. ஒரு சுற்று ஒருவர், அடுத்த சுற்று இன்னொருவர்.

ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதை உலகம் அறியும். நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். அன்றைக்கு முதல் இரண்டு சுற்றிலும் முன்னால் ஓடியவர் கிறிஸ் பிராஷர். அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு கடைசிச் சுற்று வரைக்கும் முன்னால் போனவர் கிறிஸ் சாட்டவே. இருவரும் அவருடைய நண்பர்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூவரும் லண்டனில் 440 கெஜ தூரத்தைப் பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வோடு ஓடிப் பழகியிருந்தார்கள். ஏப்ரலில் ஒரு சுற்று 61 விநாடியில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் 60க்குக் கீழே இறங்கவில்லை. அப்போது பேனிஸ்டரும் பிராஷரும் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள்கள் மலை ஏறினார்கள். திரும்பி வந்து ஓடியபோது 60 விநாடிக்குள் முடிந்தது. ஓய்வு, நட்பு, இரண்டுமே அந்தச் சாதனைக்குள் இருக்கின்றன. நிறைய பேர் அந்த ஓட்டத்தை மன உறுதியின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது தோள்கொடுத்தவர்களின் கதையாகத்தான் தெரிகிறது.

தோள் என்றதும் திருப்பூந்துருத்தி நினைவுக்கு வருகிறது. பெரிய புராணத்தில் வரும் நிகழ்ச்சி. எங்கள் பாண்டிய நாட்டுக்கு வந்து மதுரையில் தங்கியிருந்த ஞானசம்பந்தர், சோழ நாடு திரும்புகிறார். முத்துச் சிவிகையில் வருகிறார். அப்பர் பெருமான் அவரை எதிர்கொள்ளப் போகிறார். வயதில் மூத்தவர். கூட்டம் பெரிது. யாரும் அறியாமல் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகை தாங்குபவர்களில் ஒருவராகத் தோள்கொடுத்து நடக்கிறார். சிவிகையில் இருக்கும் பிள்ளை, அப்பர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். கீழேயிருந்து பதில் வருகிறது, சிவிகையைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே வருகிறேன் என்று. சம்பந்தர் பதறிக் கீழே இறங்கி வணங்குகிறார். அப்பர் அவருக்கு முன்பே வணங்கிவிடுகிறார்.

இந்த இடத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நடுவயதுக்கு வந்த பிறகு கேட்கும்போது, என் மனம் அப்பரின் தோளிலேயே நின்றுவிடுகிறது. சூலை நோயின் கொடுமையை அறிந்த உடம்பு அது. ஊர் ஊராக நடந்து, உழவாரத்தால் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய உடம்பு. இளையவர் ஒருவரைச் சுமப்பதில் அந்த உடம்பு தன் நிறைவைக் காண்கிறது. முன்னால் போவதும் சுமப்பதும் ஒன்றே என்று அந்தக் கட்டம் காட்டுகிறது. முகம் தெரியாமல் சுமப்பது அதனினும் மேலானது.

எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார், இப்போது ஓடுவதில்லை. எங்களில் மிக வேகமாக ஓடியவர் அவர்தான். இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருடைய மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஓட்டம் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். சில வாரங்கள் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டாப்வாட்சோடு வந்து, 400 மீட்டர் கோட்டின் அருகில் நின்றார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தைக் கூவிச் சொல்வார். யார் முதல் சுற்றிலேயே ஆவேசப்படுகிறார்கள், யார் தோளை இறுக்குகிறார்கள் என்று ஓடாமலே அவருக்குத் தெரிகிறது. "அக்கா, மூச்சப் பிடிக்காதீங்க, விடுங்க." "அண்ணே, அடுத்தது ரெண்டு விநாடி மெதுவா." எங்கள் மெல்லோட்டத்தின்போது உள்பக்கப் புல்லில் எங்களுக்கு இணையாக நடந்து வருவார். அந்த 200 மீட்டரில் அவரும் எங்களோடு இருக்கிறார். வேறெந்தத் துண்டிலும் அவரால் சேர முடியாது. அதில் மட்டும் முழுவதுமாகச் சேர முடிகிறது.

முன்பெல்லாம் எங்கள் பேச்சு நேரத்தைப் பற்றியே இருக்கும். இப்போது மெல்லோட்டத்தில் பெரும்பாலும் பேச்சே இருப்பதில்லை. வங்கி அண்ணனின் மனைவி மருத்துவமனையில் இருந்த நாள்களில் அவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரை நடுவில் விட்டு இருபுறமும் சேர்ந்து ஓடினோம். இரண்டாவது மெல்லோட்டத்தில் அவராகவே சொல்லத் தொடங்கினார். வளைவு முடியும்வரை சொன்னார். கோடு வந்ததும் நிறுத்திக்கொண்டு ஓடினார். அடுத்த மெல்லோட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். உட்கார்ந்து முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டிருந்தால் அவ்வளவையும் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து, ஒரே அளவில் மூச்சுவிட்டுக்கொண்டு போகும்போது ஒரு மனிதருக்குத் தன் துயரத்தை எடுத்து வைக்க இடம் கிடைக்கிறது. சத்சங்கம் என்று பெரியவர்கள் சொன்னதில் இதுவும் சேரும் என்று நம்புகிறேன். அங்கே உபதேசம் செய்ய ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டாப்வாட்ச் அண்ணன்தான் வாரத் திட்டத்தையும் எழுதுகிறார். அவருக்கு ஓய்வின் மதிப்பு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் இதயமே அதைப் படித்துக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் கூட்டச் சொல்லி யாராவது கேட்டால் யோசித்து ஒத்துக்கொள்வார். நடுவில் வரும் மெல்லோட்டத்தைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். வரும் செவ்வாய்க்கிழமைக்கு 1,200 மீட்டர் நான்கு முறை என்று நேற்று இரவு அனுப்பியிருக்கிறார். நடுவில் 400 மீட்டர் மெல்லோட்டம். அதைத் தனி வரியாக எழுதி, அதன் கீழே "இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சேர்த்திருக்கிறார். பாய்க்கு மட்டும் ஒரு குறிப்பு: தாமதமானாலும் அவசரப்பட வேண்டாம், அவர் வரும் வரைக்கும் வார்ம்-அப்பை நீட்டிக்கொள்ளலாம்.